ஆபீஸுக்கு மட்டும் ஒரு காயிதம்

ஜூன் 12, திங்கள்

வேலைக்குச் சேர்ந்துட்டேன். யூனிஃபார்ம் கோட்டைக் கட்டைப்பைக்குள்ள மடிச்சு, மேல டிஃபன் டப்பாவை வெச்சு மறைச்சுத்தான் கிளம்பினேன். எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுட்டு இருந்தாங்க. "என்னங்க டீச்சர், இத்தன வெள்ளன?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னு, "ஐ.டி. கம்பெனில அட்மின் வேலை கெடச்சிருக்குதுங்க"ன்னார். அட்மின். போர்வை மாதிரி வார்த்தை, எதை வேணாலும் மூடிக்கலாம்.

உள்ளதைச் சொன்னா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். சரவணம்பட்டியில எட்டு மாடிக் கட்டிடம், அதுல அஞ்சு கம்பெனி. அவங்க உக்கார்ற இடம், நடக்கற இடம், காப்பி குடிக்கற இடம், கக்கூஸ், எல்லாத்தையும் சுத்தமா வெச்சுக்கறதுதான் எங்க காண்ட்ராக்ட். இருபத்திரண்டு வருஷம் மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல டீச்சர், அதுல கடைசி ஒம்பது வருஷம் வைஸ் பிரின்சிபால். கொரோனாவோட ஸ்கூலை மூடிட்டாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் நான் ஏறி இறங்காத ஸ்கூல் இல்லை. அம்பது வயசுக்காரிக்குக் கடைசியில கெடச்சது இது. நாய் வேஷம் போட்டா குலைச்சுத்தானே ஆகணும்.

ஆறே முக்காலுக்கு பேஸ்மெண்ட்ல எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு அட்டெண்டன்ஸ் எடுக்கணும், நகம் பார்க்கணும், ஷூ பார்க்கணும், அன்னிக்கு யாருக்கு எந்த மாடின்னு சொல்லணும். பிரீஃபிங்னு பேர் வெச்சிருக்காங்க. அசல் ஸ்கூல் பிரேயர்தான், பாட்டு மட்டும் இல்லை. முப்பத்தி நாலு பேர். "மாராத்தாள்"னு ஒரு பேரைப் படிச்சப்ப, "வந்துட்டனுங்க மேடம்"னு பின்வரிசையில இருந்து குரல். எங்கயோ பார்த்த முகம். இந்த ஜில்லாவுல மாராத்தாளுக்கா பஞ்சம்.

ஜூன் 13, செவ்வாய்

கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. எழுத முடியலை.

ஜூன் 17, சனி

நாலாவது மாடி லேடீஸ் டாய்லெட்ல சாக்கடை நாத்தம்னு காலையில இருந்து கம்ப்ளெயிண்ட். நான் போய் பினாயிலைக் கொட்டினேன். அரை மணி நேரத்துல நாத்தமும் பினாயிலும் ஒண்ணாச் சேர்ந்து குடலைப் பிடுங்குச்சு. எங்க சைட் மானேஜர் நவ்ஷாத் சார் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார். முப்பத்தி மூணு வயசுப் பையன். அவர் முன்னால அப்படி நின்னது எனக்கு அவமானமா இருந்துச்சு.

மாராத்தாள் ஒரு மக்குல தண்ணி கொண்டு வந்தா. மூலையில இருந்த தரை ஓட்டையில மெதுவா ஊத்தினா. "இதுக்கடியில ஒரு வளைவு இருக்குதுங்க மேடம். அதுல தண்ணி நின்னாத்தான் சாக்கடைக் காத்து மேல வராது. இந்த மூலையில ஆரும் தண்ணி புழங்கறதில்ல, காஞ்சுபோச்சு." கால் மணி நேரத்துல நாத்தம் போன இடம் தெரியலை. ஒரு மக்கு தண்ணி. பி.எஸ்சி., பி.எட். படிச்சவளுக்கு இது தெரியலை.

கக்கூஸுக்குச் சிவப்புத் துணி, கண்ணாடிக்கு நீலம், காப்பி மேடைக்குப் பச்சைன்னு இங்க ஒரு முறை இருக்கு. சாயங்காலம் நான் சிவப்பை எடுத்துட்டுக் காப்பி மேடைப் பக்கம் போயிட்டேன். மாராத்தாள் சத்தமில்லாம என் கையில இருந்து அதை வாங்கிட்டுப் பச்சையைக் குடுத்தா. வேற யாரும் பார்க்கலை.

இவ எங்க ஸ்கூல்ல ஆயாவா இருந்தவ. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. 2014-ல நின்னுட்டா, ஏதோ சின்ன விஷயம். அவளுக்கு என்னை அடையாளம் தெரியலை போல. நானும் காட்டிக்கலை. எதுக்கு வீணா.

ஜூன் 28, புதன்

இன்னிக்கு ரெண்டு பேர் லீவு. அஞ்சாவது மாடியை நானே துடைக்க வேண்டியதாப் போச்சு. பக்கெட்டும் மாப்புமா லிஃப்ட்டுக்கு நிக்கறேன், கதவு திறந்து உள்ளேயிருந்து "மிஸ்!"னு ஒரு குரல். கழுத்துல கம்பெனி அட்டையோட ஓவியா. என்கிட்ட எட்டாவது, ஒம்பதாவது ரெண்டு வருஷம் கணக்குப் படிச்சவ. நான் பக்கெட்டை முதுகுக்குப் பின்னால இழுத்தேன். அதுக்குள்ள பின்னாலிருந்து ஒரு கை வந்து பக்கெட்டை வாங்கிக்கிச்சு. "குடுங்க மேடம், உங்களுக்கெதுக்கு இதெல்லாம். நான் போறனுங்க." மாராத்தாள் அதையும் மாப்பையும் தூக்கிட்டுத் திரும்பிப் பார்க்காம நடந்துட்டா.

"மிஸ், நீங்க இங்கயா?"ன்னா ஓவியா. "அட்மின்"ன்னேன். சூப்பர் மிஸ்ன்னுட்டு அவ போயிட்டா. நான் மாடிப்படியில பத்து நிமிஷம் உக்கார்ந்திருந்தேன். மாராத்தாளுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். சொன்னா பேச்சு வளரும்.

ஜூலை 10, திங்கள்

எங்க ஆளுகளும் டிரைவர்களும் மத்தியானம் பேஸ்மெண்ட்லதான் சாப்பிடறாங்க. மாராத்தாளோட மருமகன் ஆறுச்சாமி இந்தக் கட்டிடத்துக்குத்தான் கேப் ஓட்டறான். மாமியாரும் மகளும் பேத்தியும் எல்லாம் அவன் வீட்லதான். இன்னிக்கு அவனும் பக்கத்துல உக்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தான். புதுசா வந்த பொண்ணு ஒருத்தி, "அக்கா, இதுக்கு முன்னால எங்க இருந்தீங்க?"ன்னு கேட்டுட்டா.

நான் கண்ணாடிக் கேபினுக்குள்ள இருந்தேன், கதவு திறந்திருந்துச்சு. கையில எடுத்த சோறு கையிலயே இருந்துச்சு.

"ஒரு ஸ்கூல்ல இருந்தேன் கண்ணு. பேத்தி பொறந்தா. இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பாத்துக்க ஆளில்ல. நானே நின்னுட்டேன்."

ஆறுச்சாமி தலையை நிமிர்த்திச் சொன்னான்: "எங்களுக்காக வேலையவே உட்டவங்க எங்கத்த. இந்தக் காலத்துல ஆரு பண்ணுவாங்க சொல்லு." சொல்லிட்டு அவன் டப்பாவுல இருந்த முட்டையை எடுத்து மாமியார் தட்டுல வெச்சான்.

அப்ப என்னை அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிஞ்சா இப்படிச் சொல்லுவாளா? எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. நிம்மதி வந்ததை நெனச்சா இப்ப அசிங்கமா இருக்கு.

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்னிக்கு எழுதறதுக்கு நல்லது இருக்கு. ஜூன்ல கம்ப்ளெயிண்ட் நாப்பத்தொண்ணு. ஜூலையில ஆறு. எப்படின்னா, டைம்டேபிள். இங்க எல்லா டாய்லெட்டையும் மணிக்கொரு தடவை கழுவிட்டு, கதவுக்குப் பின்னால தொங்கற தாள்ல கையெழுத்துப் போடுவாங்க. காலையிலயே நாள் முழுக்க உள்ள கையெழுத்தைப் போட்டு வெக்கற கதையும் உண்டு, அதை முதல் வாரமே நிறுத்திட்டேன். ஒரு வாரம் நோட்டும் கையுமா உக்கார்ந்து எந்த மாடியில எத்தனை மணிக்குக் கூட்டம் வருதுன்னு எழுதினேன். பதினொண்ணே கால், ரெண்டு பத்து, நாலரை. பீரியட் பெல் அடிச்ச மாதிரி வர்றாங்க. அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னாலயும் பின்னாலயும் ஆள் போட்டேன். கூட்டமில்லாத நேரத்துல அதே ஆளைக் கண்ணாடிக்கு அனுப்பினேன். அவ்வளவுதான்.

நவ்ஷாத் சார், "மேடம், பதினாலு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன், இது எனக்குத் தோணலையே"ன்னார். பம்ப் ரூம், ஜெனரேட்டர், ஏ.சி. லாக் புக் எல்லாம் எனக்குச் சொல்லித் தர்றேன்னு இருக்கார். வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். "கக்கூஸுக்கு டைம்டேபிளா"ன்னு சிரிச்சார். சிரிக்கட்டும். எனக்கு இந்த வேலை வருது.

ஆகஸ்ட் 31, வியாழன்

என்னை அசிஸ்டெண்ட் மானேஜரா ஆக்கியிருக்காங்க. இனி இந்த சாம்பல் கோட் கிடையாது. சூப்பர்வைசர் இடத்துக்கு யாருன்னு நவ்ஷாத் சார் கேட்டப்ப யோசிக்காம மாராத்தாள் பேரைச் சொன்னேன். இந்த வேலையில எனக்குத் தெரிஞ்சதுல பாதி அவ காட்டிக் குடுத்தது. நானும் ஒரு நல்லது பண்ணின மாதிரி இருக்கட்டுமேன்னும் தோணுச்சு, ஒத்துக்கறேன்.

அப்புறம்தான் அவர் ஒரு ஃபாரத்தை எடுத்தார். சூப்பர்வைசருக்கு எல்லா மாடிச் சாவியும் கையில இருக்கும். அதனால முன்னால வேலை பார்த்த இடத்துல, அதுக்குன்னே இருக்கற ஒரு கம்பெனியை வெச்சு விசாரிப்பாங்களாம். "ஸ்கூல் மூடியிருந்தாலும் டிரஸ்ட் ஆபீஸ்ல ஃபைல் இருக்கும் மேடம். ஏன் நின்னாங்கன்னு லெட்டர் காப்பி வாங்கிருவாங்க. அதுல ஏதாவது இருந்தா சூப்பர்வைசர் போஸ்ட் மட்டுமில்ல, இருக்கற வேலையும் போயிரும்."

அந்த லெட்டர்ல கையெழுத்து என்னுது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். காலையில இருந்து ஃபோன்ல ரோஜாப்பூவா வந்து கொட்டுது. 'நேர்மையைக் கற்றுக் கொடுத்த மிஸ்'னு ஒரு பையன் அனுப்பியிருக்கான். படிச்சதும் ஃபோனைக் கவுத்து வெச்சுட்டேன்.

எழுதிடறேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோத்துல மறைக்கறது.

யூ.கே.ஜி. குழந்தை ஒண்ணு ஒத்தைக் கம்மலோட வீட்டுக்குப் போச்சு. மறுநாள் அப்பாக்காரர் வந்து ஆபீஸ் ரூம்ல நின்னு கத்தினார். குழந்தையை டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போனது மாராத்தாள். நான் ஆயாக்கள் ஒம்பது பேரையும் போர்ட்டிகோவுல வரிசையா நிக்க வெச்சேன். எல்லார் முன்னாலயும் அவளை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னேன். இடுப்புச் சுருக்குப்பையைக் கொட்டச் சொன்னேன். வெத்தலையும் ஒரு பஸ் டிக்கெட்டும் விழுந்துச்சு. "நான் எடுக்கலீங்க மேடம், இன்னொருக்கா தேடிப் பாருங்க"ன்னா. நான் தேடலை. 'திருட்டு காரணமாக'ன்னு லெட்டர் டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.

நாலாவது நாள் குழந்தையோட அம்மா ஃபோன் பண்ணினாங்க. கம்மல் ஸ்கூல் பையோட அடித்துணிக்குள்ள கெடந்துச்சாம். "பாவம் மேடம் அந்த ஆயா, சொல்லிருங்க"ன்னாங்க. சொல்றேன்னேன். சொல்லலை. அட்மிஷன் நேரம். வைஸ் பிரின்சிபால் தப்புப் பண்ணிட்டாங்கன்னு ஆயாக்கள் கூடிப் பேசுவாங்களேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், வேற காரணம் ஒண்ணும் கெடையாது. முதல் நாள் அட்டெண்டன்ஸ்லயே அவளை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சின்ன விஷயம்னு எழுதினேன் பாருங்க, அந்தக் கையை என்ன செய்ய.

செப்டம்பர் 8, வெள்ளி

ஸ்டோர் ரூம்ல அவ தனியா இருந்தப்ப போனேன். என் புத்தி எப்படிப் போச்சுன்னா, அவளையே அந்த ஃபாரம் வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டா லெட்டர் வராது, ரெண்டு பேரும் தப்பிச்சோம்னு கணக்குப் போட்டுட்டுத்தான் போனேன்.

"மாராத்தா, சூப்பர்வைசர் வேலை தொந்தரவு புடிச்சது. உனக்கெதுக்கு? வேண்டாம்னு சொல்லிரேன்."

அவ துணிகளை நிறம் பிரிச்சு அடுக்கிட்டே இருந்தா. "ஏனுங்க மேடம் வேண்டாங்கோணும்? நான் ஒண்ணும் திருடலீங்களே."

"தெரியும்"னேன்.

"தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க. அந்தப் பாப்பாவோட அம்மாளக் காய்கறி மார்க்கெட்ல பாத்தேன். கெடச்சுருச்சு, மேடம்கிட்டச் சொல்லிட்டனே, உங்களுக்குச் சொல்லலீங்களான்னு கேட்டாங்க. ஒம்பது வருசம் ஆச்சு."

கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். அவ பச்சைத் துணிக் கட்டை மேல் தட்டுல வெச்சுட்டுத் திரும்பினா.

"ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. தப்பா எழுதிட்டோம், இவ எடுக்கலன்னு. ஆபீஸுக்கு மட்டும். அது போதும். பழசையெல்லாம் கெளற வேண்டாமுங்க."

எவ்வளவு பெரிய மனசு. நான் அங்கேயே அழுதுட்டேன். அவ அழலை.

செப்டம்பர் 13, புதன்

எழுதிட்டேன். ஒண்ணரைப் பக்கம், எதையும் மறைக்கலை. நவ்ஷாத் சார் ரெண்டு தடவை படிச்சார். "இது உங்க ஃபைலுக்கும் போகும் மேடம். யோசிச்சீங்களா?"ன்னு கேட்டார். போகட்டும்னேன். விசாரிக்கற கம்பெனி அதை ஏத்துக்கிச்சாம். மாராத்தாளுக்கு சூப்பர்வைசர் ஆர்டர் அடுத்த வாரம். நடந்து முடிஞ்சுது.

ஆனா எனக்கு மனசு ஆறலை. நாலு பேர் முன்னால போட்ட பழியை ஒரு காயிதத்துல எடுத்து ஃபைலுக்குள்ள வெச்சாச் சரியாப் போச்சா? நாலு பேர் முன்னாலதானே எடுக்கணும். அவ போதும்னது அவ பெருந்தன்மை. அதுக்குள்ள நான் ஒளிஞ்சுக்கக் கூடாது.

செப்டம்பர் 20, புதன்

இன்னிக்குத்தான் நான் மனுஷி ஆனேன்.

பிரீஃபிங்ல முப்பத்தி நாலு பேரும் நின்னாங்க. அந்தப் பக்கம் டிரைவர்கள் டீ டம்ளரோட நின்னாங்க. நவ்ஷாத் சார் ஆர்டரைக் குடுத்தார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் முன்னால வந்தேன். முன்னறிவிப்பு எதுவும் பண்ணலை.

"உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். ஒம்பது வருஷத்துக்கு முன்னால நான் வேலை பார்த்த ஸ்கூல்ல மாராத்தாளைத் திருடின்னு சொல்லி வேலையை விட்டுத் துரத்தினவ நான்தான். ஒரு குழந்தையோட கம்மலை எடுத்துட்டாங்கன்னு எல்லார் முன்னாலயும் முந்தானையை உதறச் சொன்னேன். அவங்க எடுக்கலை. தப்பு என்னோடது. இப்ப உங்க எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்கறேன்." கும்பிட்டேன்.

அப்புறம் கை தட்டினாங்க. ரெண்டு பொண்ணுங்க கண்ணைத் துடைச்சாங்க. நவ்ஷாத் சார் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மாராத்தாள் தலையைக் குனிஞ்சுட்டு நின்னா. அவளுக்கும் கண் கலங்கியிருக்கும். ஒம்பது வருஷப் பாரம் இல்லையா.

சாயங்காலம் இவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரவா கேசரி கிண்டினேன்.

செப்டம்பர் 21, வியாழன்

மாராத்தாள் வரலை.

செப்டம்பர் 22, வெள்ளி

இன்னிக்கும் வரலை. ஃபோன் எடுக்கலை. சூப்பர்வைசர் ஆர்டர் வாங்கின மறுநாளே லீவு போட்டா எப்படி.

செப்டம்பர் 25, திங்கள்

வந்தா. யாரோடயும் பேச்சில்லை. மூணாவது மாடியில யாரோ சார்ஜர் காணோம்னாங்க. எங்க பொண்ணுங்க ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. சார்ஜர் மேசைக்கடியில கெடந்துச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் சொன்னதுல 'எடுக்கலை'ங்கறது எவ காதுலயும் நிக்கலை. திருட்டு, கம்மல், மாராத்தாள், இது மூணும் மட்டும் நின்னிருக்கு.

ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய போறப்ப கேட்ல எங்க ஆளுக பையைச் சோதிக்கறது வழக்கம். மாராத்தாள் பையை அந்த செக்யூரிட்டி இத்தனை நாள் தொட்டதில்லை, "போங்கக்கா"ன்னு விட்டுருவான். இன்னிக்கு அவ டிஃபன் டப்பா மூடியையும் திறந்து பார்த்தான். நான் பின்னாலதான் நின்னுட்டு இருந்தேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவ பின்னாலயே போனேன். "மாராத்தா, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியுமுங்க." அவ நிக்கலை, நடந்துட்டேதான் பேசினா. "எங்களுக்காக வேலைய உட்டவங்கன்னு மருமகன் என்னத் தலைமேல வெச்சிருந்தானுங்க. அவம் போடற சோத்த நான் தலை நிமுந்து தின்னேன். அன்னிக்கு டீ டம்ளரோட நின்னு அத்தனையும் கேட்டான். ஒண்ணும் திட்டல. இத்தன வருசமா எங்கள ஏமாத்திட்டீங்களே அத்தன்னான். அதோட பேச்ச நிறுத்திட்டான். நான் வேல முடிஞ்சு ஊட்டுக்குப் போனா எந்திரிச்சு வெளிய போயர்றானுங்க. பேத்தி கேக்கறா, அம்மிச்சி, உங்கள எதுக்குத் திருடின்னாங்கன்னு."

பஸ் வந்துச்சு. படியில கால் வெச்சுட்டுத் திரும்பினா. "ஆபீஸுக்கு மட்டும்னுதானுங்களே கேட்டேன். இனி எனக்கு நல்லது எதும் பண்ணீராதீங்க மேடம்."

பிள்ளையார் பிடிக்கப் போனேன்னு சொல்லக்கூட எனக்கு வாயில்லை. நான் பிடிச்சது பிள்ளையார் இல்லை, என்னைத்தான். அவ முந்தானையை நான் ரெண்டாம் தடவையும் உதறிட்டேன். இந்தத் தடவை அவ வீட்டு ஆள் முன்னால. அன்னிக்கு ராத்திரி நான் கேசரி தின்னுட்டு நல்லாத் தூங்கினேன். வெக்கம்னு எழுதினா அந்த வார்த்தை பத்தலை.

அக்டோபர் 4, புதன்

பட்ட காலிலே படும். பிராஞ்ச் ஹெட் காதுக்கு விஷயம் போயிருக்கு. நவ்ஷாத் சார் முகமெல்லாம் சிரிப்பா வந்தார். கம்பெனி மாசப் பத்திரிகையில முதல் பக்கத்துல போடறாங்களாம். தலைப்பு 'நேர்மைக்கு ஒரு முகம்'. ஆயுத பூஜை அன்னிக்கு நானும் மாராத்தாளும் கை கோத்து நிக்கற மாதிரி ஃபோட்டோ. தமிழ்நாட்டுல இருக்கற எல்லா சைட்டுக்கும் போகும். அதோட எனக்கு மானேஜர் பதவி, அவினாசி ரோட்டுல புதுசா எடுத்திருக்கற கட்டிடத்துக்கு.

இவர்கிட்ட மானேஜர்ங்கறதை மட்டும் சொன்னேன். பத்து நிமிஷத்துல எதிர்வீட்டு அம்மா வாழ்த்துச் சொல்ல வந்துட்டாங்க.

அக்டோபர் 6, வெள்ளி

மாராத்தாளைக் கூப்பிட்டேன். உக்காரச் சொன்னேன். உக்காரலை. பத்திரிகை, ஃபோட்டோ எல்லாத்தையும் சொன்னேன். என் மானேஜர் கதையைச் சொல்லலை. "நான் என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்க"ன்னேன்.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாங்க. "என்னயக் கேக்கறீங்களா?"

"ஆமாங்க."

"ஃபோட்டோ வேண்டாம். பேர் எங்கயும் வரக்கூடாது. இங்க இருக்க முடியாதுங்க எனக்கு. அவினாசி ரோட்ல புதுசா ஒரு கட்டடம் எடுத்திருக்காங்களாமா, அங்க மாத்தி உடச் சொல்லுங்க. அங்க என்ன ஆருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் வேலைய மட்டும் புடுங்கிக்க வேண்டாம், அது நான் ஒழச்சு வாங்குனது." கதவு வரைக்கும் போயிட்டு நின்னாங்க. "அப்பறம், நீங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுங்க மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களப் பாத்தா எனக்கு அந்த போர்ட்டிகோதான் ஞாபகம் வருது."

மருமகன்கிட்ட நான் வந்து பேசட்டுமான்னு கேட்க வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கிட்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

பிராஞ்ச் ஹெட்கிட்ட ஃபோன்ல பேசினேன். மாராத்தாளை சூப்பர்வைசராவே அவினாசி ரோட்டுக்கு மாத்தணும். பத்திரிகையில ஒரு வரி வரக்கூடாது, வந்தா நான் வேலையை விட்டுருவேன். அந்த மானேஜர் பதவி எனக்கு வேண்டாம். ஏன்னு கேட்டார். சொந்தக் காரணம்னேன். "உங்களை என்னமோன்னு நெனச்சேன் மேடம். இந்த மாதிரி ஆளுக்கு மறுபடி சான்ஸ் குடுக்க மாட்டோம், தெரிஞ்சுக்குங்க"ன்னார். சரிங்க சார்னேன். காரணத்தைச் சொல்லியிருந்தா அவர் அதையும் பாராட்டியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுக்கிட்டேன்.

நவ்ஷாத் சார் மாறுதலுக்கு ஒத்துக்க வெச்சுட்டார். ஆனா என் மேல அவருக்கு வருத்தம். எனக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் வீணுன்னு நினைக்கறார் போல.

வீட்ல இவர்தான் சாமியாடிட்டார். "கையில வந்த மானேஜர் வேலையை வேண்டாம்னியா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எதிர்வீட்டுல நான் என்ன மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்?"

"ஒத்து வரலைங்க"ன்னேன்.

"என்ன ஒத்து வரலை?"

சாம்பார் தாளிக்கப் போயிட்டேன். ராத்திரி வரைக்கும் அவர் என்னோட பேசலை.

அக்டோபர் 20, வெள்ளி

திங்கக்கிழமை லீவுங்கறதால இன்னிக்கே பேஸ்மெண்ட்ல ஆயுத பூஜை. தரை துடைக்கற மெஷின், பம்ப், ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். மாப்புக்குக்கூட மாலை. மாராத்தாள் பொரி பொட்டலத்தை எல்லாருக்கும் குடுத்தாங்க. ஆறுச்சாமி வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு இருந்தான். அவனுக்கும் ஒண்ணு நீட்டினாங்க. வாங்கிக்கிட்டான், முகத்தைப் பார்க்கலை. அவங்க ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க.

யாரும் ஃபோட்டோ எடுக்கலை.

அக்டோபர் 31, செவ்வாய்

அவங்களுக்கு இங்க கடைசி நாள். காலையில பிரீஃபிங்ல நவ்ஷாத் சார், "மேடம், ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னார். தொண்டை கட்டியிருக்குன்னுட்டேன். மாராத்தாள் இன்னிக்கு முதல் தடவையா என் பக்கம் நிமிர்ந்து பார்த்தாங்க.

நாலு மணிக்கு ஸ்டோர் ரூம் சாவியை ஒப்படைக்க வந்தாங்க. துணி எத்தனை, பக்கெட் எத்தனைன்னு படிச்சாங்க, நான் டிக் அடிச்சேன். கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன். ஒம்பது வருஷமாச் சொல்லாததெல்லாம் நெஞ்சுக்குள்ள முட்டிட்டு நின்னுச்சு. பேனாவை மூடி பாக்கெட்ல வெச்சேன்.

அவங்க பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாங்க.

"போறனுங்க மேடம்"னாங்க.

கடைவீதிக்குக் கிளம்பினாலும் போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவோம். அவங்க அப்படிச் சொல்லலை. நானும் போயிட்டு வாங்கன்னு சொல்லலை.

"சரிங்க"ன்னேன்.